இதய ஆபரேஷனுக்குப் பின் வரும் படபடப்பும் பீட்டா பிளாக்கர் மாத்திரையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர்க்காரர்கள் இதய ஆபரேஷன் என்றால் பெரும்பாலும் வடக்கு நோக்கித்தான் பஸ் ஏறுவார்கள். பக்கத்தில் புதுச்சேரி ஜிப்மர், இல்லையென்றால் சென்னை. திரும்பி வரும்போது கையில் ஒரு தடித்த ஃபைல் இருக்கும், ஏழெட்டு மருந்து எழுதிய சீட்டு இருக்கும். அந்தச் சீட்டை மருந்துக்கடை மேசையில் வைத்துவிட்டுக் கேட்கிற கேள்விகளில் பாதி ஒரே மாத்திரையைப் பற்றியதுதான்: "இந்த மெட்டோபிரோலால் எதுக்குங்க? அவருக்குத்தான் பிரஷரே கிடையாதே?" அப்படி வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். மெட்டோபிரோலால் என்பது பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகளில் ஒன்று. நான் மருந்தாளுநர். மாத்திரையின் அளவைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது மூன்றும் உங்கள் இதய மருத்துவரின் வேலை. அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போக இந்தப் பக்கம் உதவும்.

அப்பாவுக்கு பைபாஸ் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் திடீரென்று மானிட்டர் கத்த ஆரம்பித்தது, நாடி 140. 'ஏஎஃப் வந்திருக்கிறது' என்றார்கள். ஆபரேஷன் கெட்டுவிட்டதா?

இல்லை. ஏஎஃப் என்பது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் உதறிக்கொண்டிருக்கும். ஒரு மேளக்காரர் தாளம் கொடுக்க வேண்டிய இடத்தில் பத்துப் பேர் ஆளுக்கொரு தாளம் தட்டினால் எப்படியோ அப்படி. கீழறைகள் அதில் அகப்பட்டதையெல்லாம் பின்பற்றித் துடிப்பதால் நாடி வேகமாகவும் ஒழுங்கில்லாமலும் ஓடும். புதிதாக வைத்த ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது என்று இதற்கு அர்த்தம் கிடையாது.

இதய ஆபரேஷனுக்குப் பிறகு மிக அதிகமாக வரும் சிக்கலே இதுதான். பைபாஸ் மட்டும் செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு 20 முதல் 30 பேருக்கு வரும். வால்வு ஆபரேஷன் என்றால் 40 பேர் வரை. பைபாஸும் வால்வும் சேர்த்துச் செய்தால் பாதிப் பேருக்குக்கூட வரலாம். பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் தலைகாட்டும். ஐசியூவிலிருந்து வார்டுக்கு மாற்றி, "அப்பாடா" என்று சொந்தக்காரர்கள் டீ குடிக்கப் போயிருக்கும் நேரம் பார்த்து வரும் என்பதால்தான் இவ்வளவு பயம். பலருக்கு ஓரிரு நாளிலேயே துடிப்பு பழைய ஒழுங்குக்குத் திரும்பிவிடுகிறது. ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் பத்தில் ஒன்பது பேர் சரியாகிவிடுவார்கள்.

அதற்காக அலட்சியமாக விடக்கூடியதும் இல்லை. நாடி 140-இல் ஓடும்போது பிரஷர் இறங்கலாம், மூச்சு வாங்கலாம். உதறும் மேலறையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம். குறைந்தபட்சம் ஆஸ்பத்திரியில் இருக்கும் நாள் கூடும். வந்தபின் அடக்குவதைவிட வராமல் பார்த்துக்கொள்வது நல்லது என்று மருத்துவர்கள் மெனக்கெடுவது இதனால்தான்.

அதென்ன, ஆபரேஷன் அன்று வராமல் மூன்றாம் நாள் வருகிறது?

இதயத்தைக் கையால் தொட்டு, அதன் உறையைத் திறந்து, தைத்து மூடியிருக்கிறார்கள். அந்தப் புண்ணைச் சுற்றி உடம்பு காட்டும் அழற்சி உச்சத்துக்குப் போவது இரண்டு மூன்று நாள் கழித்துத்தான். அதே சமயத்தில் அட்ரினலின் வகை ஹார்மோன்கள் ரத்தத்தில் எகிறி நிற்கும். வலி, தூக்கமின்மை, பயம் எல்லாம் அதைத் தூண்டிவிடும். ஆபரேஷனில் ஏற்றிய திரவம் திசுக்களிலிருந்து ரத்தக்குழாய்க்குத் திரும்பி வந்து மேலறைகளை விரிக்கும். அதை வெளியேற்ற நீர் மாத்திரை கொடுப்பார்கள், சிறுநீரோடு பொட்டாசியமும் மெக்னீசியமும் போய்விடும். இதயத்தைச் சுற்றித் தேங்கும் கொஞ்ச ரத்தமும் எரிச்சலைக் கூட்டும்.

எல்லாம் ஒன்றுகூடும் நாள் அது. வயதானவர்கள், மேலறை ஏற்கெனவே பெரிதாகிப் போனவர்கள், நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள், முன்பே ஒருமுறை ஏஎஃப் வந்தவர்கள், இவர்களுக்கு வாய்ப்பு அதிகம். இவற்றில் எதையும் நாம் மாற்ற முடியாது. மாற்ற முடிகிற காரணம் ஒன்று உண்டு: வழக்கமாகச் சாப்பிட்டுவந்த பீட்டா பிளாக்கரை ஆபரேஷனை ஒட்டித் திடீரென்று நிறுத்துவது.

பீட்டா பிளாக்கர் இதில் என்ன செய்கிறது?

அட்ரினலின் போய் உட்காரும் இடங்கள் இதயத்தில் உண்டு. பீட்டா பிளாக்கர் முன்னாடியே போய் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ரத்தத்தில் அட்ரினலின் எவ்வளவு இருந்தாலும் இதயம் அவ்வளவாகத் துள்ளாது. மேலறை உதறத் தொடங்கும் வாய்ப்பு குறையும். மீறி உதறினாலும், கீழறைக்குப் போகும் துடிப்புகளை வடிகட்டி நாடியைக் கட்டுக்குள் வைக்கும். தடுப்பும் அதுவே, வந்தால் முதல் சிகிச்சையும் பெரும்பாலும் அதுவே.

1960-களில் ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் பிளாக் நெஞ்சுவலிக்காக புரோப்ரனலாலை உருவாக்கினார். 1988-இல் மருத்துவ நோபல் பரிசு பெற்ற மூவரில் அவர் ஒருவர். இன்று மேடை நடுக்கத்துக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் புரோப்ரனலால் எழுதிக் கொடுப்பதை எங்கள் கடையிலும் பார்க்கிறோம். இதய ஆபரேஷனுக்குப் பிறகு நம் ஊரில் பெரும்பாலும் மெட்டோபிரோலால், சில சமயம் பிசோபிரோலால், இதயத்தின் பம்பிங் குறைந்தவர்களுக்குக் கார்வெடிலால்.

பலன் எவ்வளவு? பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், இந்த மாத்திரை கொடுத்தவர்களில் ஏஎஃப் வருவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கிறது. மூன்றில் ஒருவருக்கு வர வேண்டியது ஆறில் ஒருவருக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்து உலகில் இது பெரிய பலன். ஆனால் உயிரிழப்போ பக்கவாதமோ இதனால் குறைந்தது என்று அந்த ஆய்வுகள் தெளிவாகக் காட்டவில்லை. ஆகவே "இது போட்டால் உயிருக்கு ஆபத்தே இல்லை" என்று யாராவது சொன்னால் அதை நம்ப வேண்டாம். படபடப்பு வராமல் தடுக்க நல்ல மருந்து, அவ்வளவுதான். அதுவே போதுமான காரணம்.

நாளைக்குக் காலையில் ஆபரேஷன். இரவு பன்னிரண்டு மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்றார்கள். அம்மா மூன்று வருடமாக அட்டினலால் சாப்பிடுகிறார்கள். அதையும் விட்டுவிடலாமா?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இது. நீங்களாக விட்டுவிடாதீர்கள். 'வெறும் வயிற்றில் வரணும்' என்பதை நம் வீடுகளில் 'மாத்திரையும் கூடாது' என்று எடுத்துக்கொள்கிறோம். விரதம் மாதிரி முழுசாக இருந்துவிட்டால் டாக்டர் சந்தோஷப்படுவார் என்ற நினைப்பு. அட்டினலாலும் பீட்டா பிளாக்கர்தான். அதைப் பொறுத்தவரை வழக்கமான பழக்கம் நேர்மாறானது: ஆபரேஷன் அன்று காலையும் ஒரு வாய்த் தண்ணீரோடு விழுங்கச் சொல்வார்கள்.

காரணம் இருக்கிறது. மாத்திரை அடைத்து வைத்திருந்த இடங்களை ஈடுகட்ட, உடம்பு நாளடைவில் புதிய இடங்களை முளைக்க வைத்திருக்கும். மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தினால் அத்தனையும் காலியாகத் திறந்து கிடக்கும். அந்த நேரத்தில்தான் ஆபரேஷனின் அட்ரினலின் வெள்ளமும் வருகிறது. நிறுத்தியவர்களுக்கு ஏஎஃப் வரும் வாய்ப்பு கூடுகிறது, நெஞ்சுவலியும் திரும்ப வரலாம்.

சுகர் மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை இவற்றுக்கெல்லாம் கணக்கு வேறு. சிலதை நாள் கணக்கில் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அதனால் பொத்தாம்பொதுவாக "மாத்திரை போடலாமா?" என்று கேட்காமல், எல்லா அட்டைகளையும் எடுத்துக்கொண்டுபோய் மயக்க மருந்து டாக்டர் பார்க்க வரும்போது ஒவ்வொன்றாகக் காட்டிக் கேளுங்கள். எதைப் போட வேண்டும், எதை விட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரவு ட்யூட்டி நர்ஸ் மாறிவிட்டாலும் தாள் மாறாது.

இதுவரை இந்த மாத்திரை சாப்பிட்டதே இல்லை. எப்போது தொடங்குவார்கள்?

பைபாஸ் செய்துகொள்கிறவர்களுக்கு, முடிந்தால் குறைந்தது 24 மணி நேரம் முன்பே தொடங்கலாம் என்று 2011-இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல் சொன்னது. நடைமுறையில் பலருக்கும் ஆபரேஷன் முடிந்து, பிரஷர் நிலைத்து, பிரஷரைத் தூக்கி நிறுத்தும் ஊசி மருந்துகள் நின்றபின் மறுநாளோ அதற்கடுத்த நாளோ சிறிய அளவில் தொடங்குவார்கள். நாடியையும் பிரஷரையும் பார்த்துப் பார்த்து ஏற்றுவார்கள். "பக்கத்துப் படுக்கைக்காரருக்கு 50 மில்லிகிராம், எங்களுக்கு மட்டும் ஏன் பன்னிரண்டரை?" என்று கேட்டால், பதில் அவரவர் மானிட்டரில் இருக்கிறது.

ஐசியூவில் இருக்கும்போது இன்றைக்கு மாத்திரை கொடுக்கவில்லை என்றார்கள். மறந்துவிட்டார்களா?

பெரும்பாலும் வேண்டுமென்றே நிறுத்தியிருப்பார்கள். நாடி மெதுவாக இருந்தால், பிரஷர் இறங்கியிருந்தால், இதயத்துக்குள் மின் தூண்டல் கடத்தப்படுவதில் தடை இருந்தால், பம்பிங் திணறினால் அன்றைய வேளையைத் தள்ளிப்போடுவார்கள். வால்வு ஆபரேஷனுக்குப் பின் இது அடிக்கடி நடக்கும். நெஞ்சுக்குக் கீழே மெல்லிய ஒயர் இரண்டு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நாடி ரொம்பக் குறைந்தால் வெளியிலிருந்து இதயத்தைத் தூண்டத்தான் அது. வீட்டுக்கு அனுப்பும் முன் கழற்றிவிடுவார்கள்.

பிரஷரே இல்லாதவருக்கு பிரஷர் மாத்திரை கொடுத்தால் மயங்கி விழுந்துவிட மாட்டாரா?

இந்த மாத்திரைக்கு 'பிரஷர் மாத்திரை' என்று பெயர் பரவிவிட்டதால் வரும் குழப்பம். இங்கே கொடுப்பது துடிப்புக்காக. பிரஷர் கொஞ்சம் குறையும் என்பது உண்மைதான். வீட்டுக்கு வந்த முதல் வாரங்களில் படுக்கையிலிருந்து சட்டென்று எழ விடாதீர்கள். கொஞ்ச நேரம் உட்கார வைத்து, அப்புறம் நிற்க வைத்து, பிறகு நடக்கச் சொல்லுங்கள். தலைசுற்றல் தினமும் வந்தால் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். அதை டாக்டரிடம் போனிலாவது கேட்டுச் செய்யுங்கள்.

அவருக்கு வீசிங் உண்டு. இது போடக்கூடாது என்கிறார்களே?

பாதி உண்மை. அட்ரினலின் உட்காரும் இடங்கள் மூச்சுக்குழாயிலும் உண்டு. அங்கே அடைத்தால் குழாய் சுருங்கும். கடுமையான ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இந்த வகையையே தவிர்ப்பார்கள். ஆனால் மெட்டோபிரோலால், பிசோபிரோலால் போன்றவை சிறிய அளவில் பெரும்பாலும் இதயத்தோடு நிற்கும். பீடி சிகரெட்டால் வந்த நாள்பட்ட நுரையீரல் நோய்க்காரர்கள் பலர் இவற்றைத் தாங்கிக்கொள்கிறார்கள். எதுவானாலும் இன்ஹேலர் பயன்படுத்துவதை ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். 'எப்போதாவதுதான் அடிக்கிறேன்' என்றாலும் சொல்ல வேண்டும்.

இன்னொரு பக்கமும் பாருங்கள். வீட்டுக்கு வந்தபின் இருமல், இழுப்பு என்று கடைக்கு வந்து "டெரிஃபிலின் ரெண்டு கொடுங்க" என்று கேட்பவர்கள் உண்டு. அந்த மாத்திரை நாடியை ஏற்றும், படபடப்பைத் தூண்டும். மூக்கடைப்புக்கான கலவை மாத்திரைகள் சிலவும் அப்படித்தான். ஆபரேஷன் முடிந்த ஆளுக்கு என்று சொல்லாமல் எந்த மருந்தும் வாங்காதீர்கள். சொன்னால் நாங்களே தடுப்போம்.

சுகர் இருக்கிறது, இன்சுலின் போடுகிறார். இதில் ஏதாவது சிக்கல்?

ஒன்று உண்டு. சுகர் திடீரென்று இறங்கினால் உடம்பு படபடப்பாலும் கை நடுக்கத்தாலும் எச்சரிக்கும். பீட்டா பிளாக்கர் அந்த இரண்டையும் மறைத்துவிடும். வியர்வை மட்டும் மறையாது. ஃபேன் ஓடும்போது காரணமில்லாமல் குப்பென்று வியர்த்தால், பேச்சு குழறினால், உடனே விரலில் குத்திப் பாருங்கள். பார்க்க முடியாவிட்டால், விழுங்கும் நிலையில் இருக்கிறார் என்றால், சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துவிடுங்கள்.

கண் சொட்டு மருந்துக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறதாமே?

இருக்கிறது. யாரும் எதிர்பார்க்காத இடம் இது. கண் நீர் அழுத்தத்துக்குக் கொடுக்கும் டைமோலால் சொட்டு மருந்தும் பீட்டா பிளாக்கர்தான். கண்ணில் விட்ட துளி மூக்கு வழியாக இறங்கி ரத்தத்தில் கலக்கும். மாத்திரையோடு சேர்ந்தால் நாடி மேலும் குறையலாம், ஆஸ்துமாக்காரருக்கு இழுப்பு வரலாம். கடலூர்–புதுச்சேரி சாலையில் தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போய்வரும் பெரியவர்கள் நம் பகுதியில் ஏராளம். அவர்களில் யாரும் இதய டாக்டரிடம் சொட்டு மருந்து பற்றிச் சொல்வதில்லை. 'அது கண்ணுக்குத்தானே' என்ற நினைப்பு. இதய ஃபைலோடு கண் சீட்டையும் வைத்துவிடுங்கள். சொட்டு மருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், பார்வை போய்விடும். வேறு மருந்து மாற்ற முடியுமா என்று இரண்டு டாக்டரையும் கேளுங்கள்.

பழைய மாத்திரை நிறைய மிச்சம் இருக்கிறது. புதுசோடு சேர்த்துச் சாப்பிடலாமா?

ஒரு மஞ்சப்பையை அப்படியே மேசையில் கொட்டினார் ஒரு பெரியவர். பழைய அட்டினலால் அட்டை, ரப்பர் பேண்டு போட்டபடி. அதோடு ஆஸ்பத்திரியில் எழுதிய மெட்டோபிரோலால். காலையில் இரண்டையும் போடுகிறார். நாலு நாளாக எழுந்தால் கண் இருட்டுகிறதாம். இரண்டும் ஒரே வேலையைச் செய்பவை. ஆஸ்பத்திரியில் ஒன்றை நிறுத்திவிட்டு இன்னொன்றை எழுதியிருந்தார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் அது இருந்தது, அதை வீட்டில் யாரும் படிக்கவில்லை.

அட்டினலால், மெட்டோபிரோலால், பிசோபிரோலால், நெபிவோலால், கார்வெடிலால், புரோப்ரனலால் என்று இந்தக் குடும்பத்தில் எல்லாமே 'லால்' என்று முடியும். அட்டையில் பெரிதாக அச்சடித்திருக்கும் கம்பெனிப் பெயரைப் பார்க்காமல், அதன் கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள். 'லால்' இரண்டு இருந்தால் அடுத்த வேளை போடும் முன் கேட்டுவிடுங்கள். டில்டியாசெம், வெராபமில் என்ற பெயர்கள் ஏற்கெனவே சீட்டில் இருந்தாலும் அப்படியே. அவை இதோடு சேர்ந்தால் நாடி அபாயமாகக் குறையக்கூடும்.

'எக்ஸ்எல்' என்று போட்டிருக்கிறது. விழுங்க முடியவில்லை, பொடித்துத் தரலாமா?

பொடிக்கக் கூடாது, மெல்லவும் கூடாது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டிய மருந்து ஒரே அடியாக இறங்கிவிடும். நடுவில் கோடு உள்ள மாத்திரையைக் கோட்டில் பாதியாக உடைக்கலாமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கேட்டு உடையுங்கள். மெட்டோபிரோலாலில் இரண்டு வகை: டார்ட்ரேட் என்றால் பொதுவாக நாளைக்கு இரண்டு வேளை, சக்சினேட் என்றால் ஒரு வேளை. கடையில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைக் கொடுத்தால் வாங்காதீர்கள். மாத்திரையைச் சாப்பாட்டோடோ சாப்பிட்ட உடனேயோ போடுவது நல்லது, தினமும் ஒரே மாதிரி.

எங்களுக்கு பீட்டா பிளாக்கருக்குப் பதில் அமியோடரோன் கொடுத்தார்கள். அது உசத்தியா?

உசத்தி, மட்டம் என்றில்லை. அமியோடரோன் துடிப்பை ஒழுங்குபடுத்தும் வேறு வகை மருந்து. ஏஎஃப் வராமல் தடுக்க அதுவும் நன்றாக வேலை செய்கிறது. 2020 ஐரோப்பிய வழிகாட்டுதல் இரண்டையும் ஒரே வரியில்தான் பரிந்துரைத்தது. 2023 அமெரிக்க வழிகாட்டுதல் கொஞ்சம் அடக்கி, வாய்ப்பு அதிகமுள்ளவர்களுக்கு இவற்றில் ஒன்றைக் குறுகிய காலம் கொடுப்பது நியாயம் என்றது. இழுப்பு உள்ளவர்களுக்கு அமியோடரோன் கைகொடுக்கும். ஆனால் அதை நீண்ட நாள் சாப்பிட்டால் தைராய்டு, நுரையீரல், கல்லீரல் மூன்றையும் கவனிக்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தம் அளவுக்கு மீறி இளகும். எத்தனை வாரம் என்று தேதி எழுதாமல் அமியோடரோன் சீட்டு வந்தால், தேதி கேட்டு வாங்குங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

பொட்டாசியம் குறைந்தால் படபடப்பு வரும் என்று இளநீரும் வாழைப்பழமுமாகக் கொடுக்கிறோம். சரியா?

டாக்டர் சொன்னாரா என்பதுதான் முதல் கேள்வி. ஆஸ்பத்திரியில் பொட்டாசியத்தைக் கொஞ்சம் உயரத்திலேயே வைக்க வேண்டும் என்று ஊசியில் ஏற்றுவது நெடுநாள் வழக்கம். 2024-இல் பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் 1,690 பைபாஸ் நோயாளிகளிடம் செய்த ஆய்வு, ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 3.6-க்குக் கீழே இறங்கினால் மட்டும் கொடுத்தால் போதும், 4.5-க்கு மேல் தூக்கி வைப்பதால் ஏஎஃப் குறையவில்லை என்று காட்டியது. வீட்டில் நிலைமை இன்னும் வேறு. சிறுநீரகம் பழுதானவர், பொட்டாசியத்தை வெளியே விடாத நீர் மாத்திரையான ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுபவர் தினமும் இரண்டு இளநீர் குடித்தால் பொட்டாசியம் கூடிப்போய் இதயம் நின்றுவிடும் அபாயமே உண்டு. பண்ருட்டி பலா சீசனில் இதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றையும் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். உப்பு நீரைத் தேக்கும், தேங்கிய நீர் மேலறையை விரிக்கும். தேவனாம்பட்டினத்துப் பச்சை மீனைக் குழம்பு வைத்துக் கொடுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.

ஏஎஃப் வந்து ஒரே நாளில் சரியாகிவிட்டது. ஆனாலும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எழுதியிருக்கிறார்கள். எதற்கு?

துடிப்பு திரும்பிய பின்னும் மேலறை கொஞ்ச நாள் சோம்பலாகவே இருக்கும், ஏஎஃப் எட்டிப் பார்த்துவிட்டும் போகும். நீடித்தவர்களுக்கும், வயது, சுகர், பிரஷர், பழைய பக்கவாதம் என்று அபாயம் கூடியவர்களுக்கும், ரத்தக்கசிவு பயம் இல்லையென்றால் சுமார் 60 நாள் கொடுத்துவிட்டு மறுபடி யோசிப்பது இப்போதைய பழக்கம். ஆஸ்பிரினோடு சேர்த்துச் சாப்பிடும்போது கறுப்பாக மலம் போனால் உடனே காட்ட வேண்டும்.

இந்த மாத்திரை ஆயுசுக்கும் சாப்பிடணுமா?

எதற்காக எழுதினார்கள் என்பதைப் பொறுத்தது. ஆபரேஷனுக்குப் பிந்தைய ஏஎஃப் வராமல் தடுக்க மட்டும் என்றால் சில வாரங்களில் அதன் வேலை முடிந்துவிடும். பம்பிங் குறைந்தவருக்கு, நெஞ்சுவலி உள்ளவருக்கு, ஏஎஃப் நிலைத்துவிட்டவருக்கு நெடுங்காலம் தேவை. மாரடைப்பு வந்து பம்பிங் நன்றாக இருப்பவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் வேண்டுமா என்ற கேள்வி இப்போது சூடாகவே விவாதத்தில் இருக்கிறது. 2024-இல் ஸ்வீடனை மையமாக வைத்து நடந்த பெரிய ஆய்வில் அப்படிப்பட்டவர்களுக்குப் பெரிய பலன் தெரியவில்லை.

நான் பார்க்கும் சிக்கல் இரண்டு முனையிலும் இருக்கிறது. ஒரு பக்கம், 'உடம்பு தேறிடுச்சு' என்று பத்தாம் நாளே தானாக நிறுத்துகிறவர்கள். இன்னொரு பக்கம், ஏன் என்று தெரியாமல் பழைய சீட்டைக் காட்டி ஐந்து வருடமாக வாங்குகிறவர்கள். ஒரு மாத, மூன்று மாதப் பரிசோதனைக்குப் போகும்போது, "இது எதுக்கு, எப்போது நிறுத்துவோம்?" என்று கேளுங்கள். நிறுத்துவதென்றால்கூட ஒரே நாளில் கிடையாது, ஒன்றிரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைப்பார்கள்.

களைப்பு, கைகால் ஜில்லிட்டுப் போவது, கெட்ட கனவு இதெல்லாம் இதனாலா?

ஆகலாம். ஆபரேஷன் களைப்பும் சேர்ந்திருக்கும். ஆண்களில் சிலருக்குத் தாம்பத்தியத்தில் தயக்கம் வரும். அதை வெளியே சொல்லாமல் மாத்திரையை ரகசியமாக நிறுத்திவிடுவார்கள், மனைவிக்கும் தெரியாது. சொன்னால் மருந்தை மாற்றலாம்.

வீட்டில் நாடி பார்ப்பது எப்படி? எப்போது ஓட வேண்டும்?

ஐந்து நிமிடம் உட்கார்ந்தபின், கட்டைவிரலுக்கு நேர்கீழே மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து முழுசாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்குவது ஏஎஃப் உள்ளவருக்குச் சரிவராது. எண்ணிக்கையோடு ஒழுங்கையும் கவனியுங்கள்: இடைவெளி சீராக இருக்கிறதா, தாறுமாறாக இருக்கிறதா? மின்சார பிரஷர் மெஷின் ஏஎஃப் நேரத்தில் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண் காட்டும், அதை வைத்துப் பதற வேண்டாம்.

நாடி 50-க்குக் கீழே இருந்தால் அடுத்த வேளையைப் போடும் முன் டாக்டரைக் கேளுங்கள். சும்மா இருக்கும்போதே 120-க்கு மேல் ஓடினாலும், புதிதாக ஒழுங்கு தவறினாலும் அன்றே ஈசிஜி எடுக்க வேண்டும். மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், வாய் கோணல், கைகால் இழுத்துக்கொள்ளுதல் இவற்றில் எது வந்தாலும் 108. பைக்கில் நடுவில் உட்கார வைத்துக்கொண்டு புதுச்சேரிக்குக் கிளம்பாதீர்கள், இது இன்னும் நடக்கிறது. மிக அருகில் ஈசிஜி வசதி உள்ள ஆஸ்பத்திரிதான் முதல் நிறுத்தம்.

அப்பாவுக்கு இவ்வளவு பலன் கொடுத்ததே, அம்மாவின் முழங்கால் ஆபரேஷனுக்கும் இதை ஆரம்பிக்கலாமா?

கூடாது. இதய ஆபரேஷனில் கிடைத்த பலனை மற்ற ஆபரேஷனுக்கு அப்படியே கொண்டுபோக முடியாது. 2008-இல் வெளியான பாய்ஸ் என்ற ஆய்வில், இதயம் அல்லாத ஆபரேஷன் செய்துகொள்ளும் எட்டாயிரம் பேருக்கு மேல் சேர்த்துக்கொண்டு, அவர்களில் பாதிப் பேருக்கு ஆபரேஷனுக்குச் சில மணி நேரம் முன்பு மெட்டோபிரோலாலைப் புதிதாகத் தொடங்கினார்கள். மாரடைப்பு குறைந்தது, ஆனால் பக்கவாதமும் உயிரிழப்பும் கூடின. அதிலிருந்து அன்றைக்கே புதிதாகத் தொடங்கும் பழக்கத்தைக் கைவிட்டார்கள். அம்மா ஏற்கெனவே சாப்பிட்டுவந்தால் தொடர வேண்டும், அது வேறு விஷயம்.

ஒரு வேளை மறந்துவிட்டால்?

சீக்கிரம் ஞாபகம் வந்தால் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள்.

புதுச்சேரி பக்கம் போனால் நண்பர்கள் 'ஒண்ணே ஒண்ணு' என்கிறார்கள்...

அளவுக்கு மீறிய குடி, ஆபரேஷனே ஆகாத நல்ல இதயத்தில்கூட ஏஎஃப் வரவைக்கும். இந்த மாத்திரையோடு சேர்ந்தால் பிரஷரும் இறங்கும். முதல் சில மாதம் அந்த நண்பர்களை டீக்கடையில் சந்தியுங்கள்.

புயல், மழைக் காலத்தில் மாத்திரை கிடைக்காமல் போனால்?

நம் ஊரில் கேட்க வேண்டிய கேள்விதான். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்து, அடுத்த சில நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கிக் கரையோர ஊர்களை மூழ்கடித்தது. கரண்ட் இல்லாமல், கடை திறக்காமல், பஸ் ஓடாமல் நாள்கள் போகும். திடீரென்று நிறுத்தக்கூடாத மாத்திரை இது என்பதால், ஐப்பசி பிறந்ததும் இரண்டு வாரத்துக்கான மாத்திரையைக் கூடுதலாக வாங்கி வையுங்கள். தண்ணீர் புகாத ஜிப் கவரில், டிஸ்சார்ஜ் சம்மரி ஜெராக்ஸோடு சேர்த்து பீரோவின் மேல்தட்டில் இருக்கட்டும். சம்மரியை போனிலும் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பி வையுங்கள். முகாமில் இருக்கும் டாக்டருக்கு "வெள்ளையா, வட்டமா ஒரு மாத்திரை" என்று சொன்னால் ஒன்றும் புரியாது. தை பிறந்ததும் அந்தக் கூடுதல் அட்டையை முதலில் எடுத்துச் செலவழித்துவிடுங்கள், காலாவதி தேதி தாண்டிவிடாமல்.